பவுனு நன்றாக இருக்கிறாள்

ஒசாகா,
10-6-2007

அன்புள்ள அம்மாவுக்கு உமாதேவி எழுதுவது.

நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா நாள் முழுக்க நின்றுகொண்டே டீ ஆற்றுவதைக் குறைத்துக்கொண்டாரா?

போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் கடை போன் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் நாலு ஜீப் டிரைவர்கள் நிற்பார்கள். உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, சாயங்காலத்துக்குள் கம்பம் மெட்டு வரை சேதியைக் கொண்டுபோய் விடுவார்கள். அதனால்தான் கடிதம். எனக்கு இரண்டு மாதம் அம்மா. ஜனவரி மூன்றாம் வாரம் என்று டாக்டரம்மா தேதி கொடுத்திருக்கிறார். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஆனதை நினைத்துப் பயப்படாதே. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் காலை ஏழு மணிக்குக் கம்பெனிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருகிறார். பேச ஆள் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காப்பிக்கடை இருக்கிறது. சிரிக்காதே, அது பூனைக் காப்பிக்கடை. உள்ளே பதினோரு பூனைகள் உலாத்துகின்றன. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்துவிட்டு அவற்றோடு உட்கார்ந்திருக்கலாம். வாடகை வீடுகளில் பூனை வளர்க்க விடமாட்டார்கள் என்பதால் இங்கே இப்படி ஒரு வியாபாரம். மோமோ என்று ஒரு கிழட்டு மஞ்சள் பூனை இருக்கிறது. நம் பவுனு மாதிரியே காது ஓரம் கிழிந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

பவுனு எப்படி இருக்கிறாள்? இன்னும் மாவு மூட்டை மேல்தான் படுக்கிறாளா?

உன் மகள்,
உமா

*

கம்பம்,
25-6-2007

அன்பு மகள் உமாவுக்கு அம்மா கஸ்தூரியம்மாள் எழுதுவது. மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனுக்கும் எங்கள் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, வழிந்த பாலை அவரே துடைத்தார். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். ஏழாம் மாதம் நீ இங்கே வந்துவிட வேண்டும். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது.

காசு கொடுத்துப் பூனையோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இங்கே நம் கடைச் சனியன் காசில்லாமலே எல்லார் மடியிலும் ஏறுகிறது. நேற்று மத்தியானக் குழம்புக்கு எடுத்து வைத்த நெத்திலிக் கருவாட்டில் கால்வாசியைக் காணோம். மாவு மூட்டைக்கு எலி வராமல் இருக்கிறதே என்று பொறுத்துக்கொள்கிறேன். கடைக்காரியாகக் கேட்கிறேன், பதினோரு பூனை இருக்கிற இடத்தை நாளைக்கு எத்தனை தடவை கூட்டுவார்கள்? முடி காப்பியில் விழாதா? அதுகள் வெளிக்குப் போவது எங்கே? ஒரே ஒரு பூனைக்கே நான் பால் சட்டி மேல் தட்டு, தட்டு மேல் கல் என்று வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இன்னொன்று. டீ குடிக்க வருகிற நர்ஸ் சங்கிலியம்மாளிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். "வாயும் வயிறுமா இருக்க பிள்ளைக்குப் பூனைச் சங்காத்தம் ஆகாதுத்தா. அதுக கிட்ட ஒரு கிருமி இருக்கு, கருவைக் கலைச்சுப்புடும்" என்றாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்தக் கடைப் பக்கமே போகாதே.

கீரை சாப்பிடு. கனம் தூக்காதே.

அம்மா

*

ஒசாகா,
8-7-2007

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. வாந்தி கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி நலம். அப்பாவின் இருமல் நின்றதா?

நீ கேட்டதையெல்லாம் கடைக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டேன். மொரிதா என்று பெயர். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி பாதி, கை ஜாடை பாதி. காப்பி போடுகிற இடம் வேறு, பூனை அறை வேறு, நடுவில் கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே மருந்துத் தண்ணீர் தடவினால்தான் உள்ளே விடுவார்கள். பூனைகள் வெளிக்குப் போவது மண் தட்டில். அதை அவ்வப்போது அள்ளிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருக்கிறது. தூங்குகிற பூனையை எழுப்பக் கூடாது, வலுவில் தூக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் பூனைகளுக்கு ஓய்வு. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குக்கூட நீ அவ்வளவு ஓய்வு கொடுப்பதில்லை.

நர்ஸம்மா சொன்ன கிருமி உண்மைதான். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அது பூனையின் முடியில் இல்லையாம். அதன் மலத்தில், அதுவும் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் ஒட்டுமாம். சரியாக வேகாத கறியிலும், கழுவாத கீரையிலும், தோட்டத்து மண்ணிலும்கூட இருக்குமாம். கர்ப்பிணி மண் தட்டைத் தொடாமல், கையைக் கழுவிக்கொண்டால் போதும் என்கிறார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். முடிவு தெரியும் வரை பூனை அறைக்குள் போகவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மோமோவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன்னை எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். பயத்தில் பவுனைத் துரத்திவிடாதே. நான் வரும்போது அவள் அங்கே இருக்க வேண்டும்.

உமா

*

கம்பம்,
12-7-2007

அன்புத் தங்கை ஜக்கம்மாவுக்கு,

நலமா? எஸ்டேட்டில் மழை பிடித்துவிட்டதாமே. அட்டைக்கடிக்கு எண்ணெய் கொடுத்துவிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அய்யாத்துரை ஜீப்பில் ஒரு சாக்கும் வரும். உள்ளே இருப்பது நம் கடைப் பூனை.

உமா முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் இங்கே வரப்போகிறாள். பூனையிடம் கருவைக் கலைக்கிற கிருமி இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன வருஷம் அவள் இங்கே வந்திருந்தபோது ஒரு மாதம் பூராவும் இதை மடியிலேயே வைத்திருந்தாள். திரும்பிப் போய் எண்ணி நாற்பதாவது நாள் அந்தச் செய்தி வந்தது. நான் அப்போது எதுவும் நினைக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் நினைக்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

மற்றவர்கள் செய்கிற மாதிரி மெட்டுக்கு அந்தப் பக்கம் அவிழ்த்து விட்டுவிடலாம் என்று அய்யாத்துரை சொன்னார். பன்னிரண்டு வருஷம் நம் வீட்டுச் சோற்றைத் தின்றது, எனக்கு மனம் வரவில்லை. உன் லயத்து வீட்டில் ஒரு மூலையில் கிடக்கட்டும். எலி பிடிக்கும். திருடும், கருவாட்டை உயரத்தில் வை. உமாவுக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா

*

வண்டன்மேடு,
16-7-2007

அன்புள்ள அக்காவுக்கு ஜக்கம்மா எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகளும் நலம். எண்ணெய் வந்தது. உமா சேதி கேட்டுச் சந்தோஷம், நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

சாக்கும் வந்தது. அவிழ்த்தபோது பூனை தன் மூத்திரத்திலேயே நனைந்து கிடந்தது. திரும்பி வராமல் இருக்க வழி மறக்கட்டும் என்று, ஏற்றும்போது சாக்கை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னாயாமே? அய்யாத்துரை சொன்னார். இரண்டு நாள் விறகுக்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள்தான் வெளியே வந்து கஞ்சி குடித்தது. இப்போது ஏலக்காய் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. கம்பத்து ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பாதைக்கு ஓடுகிறது.

நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் உமாவிடம் சொல்லிவிடு அக்கா. அவள் என்னைக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன்.

ஜக்கம்மா

*

கம்பம்,
24-7-2007

அன்பு மகள் உமாவுக்கு,

உன் கடிதம் 19ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. தபால் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று தெரியவில்லை. வாந்திக்குச் சுக்கும் நாரத்தை ஊறுகாயும் பார்சலில் அனுப்புகிறேன். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. ஓடைப்பட்டியிலிருந்து திராட்சை வந்து இறங்குகிறது, உன்னைத்தான் நினைத்துக்கொண்டோம்.

பவுனு நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

ஒசாகா,
12-8-2007

அன்புள்ள அம்மா,

பார்சல் கிடைத்தது. ஊறுகாயை அவர்தான் அதிகம் சாப்பிடுகிறார். மூன்றாம் மாதம் தாண்டிவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் படுக்கையை விட்டு இறங்கவே பயந்தேன் என்பதை இப்போது சொல்லலாம்.

காப்பிக்கடைக்குப் போன வாரம் போனால் மோமோவைக் காணோம். சுவரில் ஒவ்வொரு பூனைக்கும் ஒரு போட்டோ மாட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குட்டியின் போட்டோ இருந்தது. மோமோ எங்கே என்று கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்டது என்று சொல்லிவிட்டு மொரிதாம்மா சிரித்தார். எங்கே என்றேன். நன்றாக இருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன மாதம் அது ஒரு ஆளைப் பிறாண்டியதை நான் பார்த்தேன். வயதான பூனை, பகல் பூராவும் முகம் தெரியாத ஆட்கள் வந்து தடவிக்கொண்டே இருந்தால் பிறாண்டாமல் என்ன செய்யும்? வேலைக்கு ஆகவில்லை என்று எங்கேயோ தள்ளிவிட்டு, கேட்டால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். காசு கொடுத்து உட்கார்ந்தவள் நானும்தானே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் அழுகை வருகிறது.

பவுனு இப்போது எங்கே படுக்கிறாள்? இரவில் கடையைப் பூட்டும்போது உள்ளே இருக்கிறாளா, வெளியிலா? கிழிந்த காதில் புண் வந்ததே, ஆறிவிட்டதா? எழுது.

உமா

*

ஒசாகா,
16-9-2007

அன்புள்ள அம்மா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மூன்று முறையும் அப்பாதான் எடுத்தார். "அம்மா மாவு அரைக்கப் போயிருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை நம் கடைக்கு மாவு அரைப்பதில்லையே அம்மா. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அப்பா சத்தியம் செய்ததால் மட்டும் நம்பியிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நிதானமாகப் படி. அந்தக் கிருமியோடு என் உடம்பு சண்டை போட்ட அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது. பழைய அடையாளமாம். பல வருஷங்களுக்கு முன்னால், காய்ச்சல்கூடத் தெரியாமல் வந்து போயிருக்கும் என்கிறார் டாக்டரம்மா. பூனையால் வந்ததா, மண்ணில் விளையாடி வந்ததா, கழுவாத கொத்தமல்லியில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஒரு முறை வந்துவிட்டால், பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் பொதுவாக ஆபத்தில்லை. போன வருஷம் ஆனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று, நான் கேட்காமலே சொன்னார். நான் கேட்க நினைத்திருந்தது அது ஒன்றுதான்.

இன்னொரு செய்தி. மொரிதாம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் காட்டினார். கடையை விட்டுப் போன பூனை ஒவ்வொன்றும் யார் வீட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. மோமோ ஒரு தையல்காரக் கிழவரின் வீட்டில் ஜன்னலோரம் படுத்திருக்கிறது, போட்டோ ஒட்டியிருந்தார். அன்று கடை நிறைய ஆட்கள், அதனால் சிரித்து மழுப்பினேன், மன்னித்துக்கொள் என்றார். கையால் எடுத்ததை இன்னொரு கையில்தான் கொடுக்க வேண்டும், தெருவில் விடக் கூடாது என்பது அவர் கணக்கு. நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

பதில் போடு அம்மா.

உமா

*

கம்பம்,
28-9-2007

அன்பு மகள் உமாவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன் அடித்தால் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். என்ன சொல்வது என்று உன் அப்பாவுக்குத் தெரியாது, பாவம், மாவு என்று சொல்லியிருக்கிறார்.

பவுனு இங்கே இல்லை. ஜூலை 12ஆம் தேதியே சாக்கில் கட்டி அய்யாத்துரை ஜீப்பில் ஜக்கம்மாவிடம் அனுப்பிவிட்டேன். துரத்தாதே என்று நீ எழுதிய கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நீ பயந்து கிடந்த மாதம் அது, எழுதக் கை வரவில்லை. பிறகு நீ மோமோவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அந்த அம்மாவை நீ திட்டியதெல்லாம் என்னைத் திட்டியது போலவே இருந்தது. அதற்குப் பிறகு உனக்கு எழுத உட்கார முடியவில்லை.

போன வருஷம் உனக்கு ஆனது அந்தப் பூனையால்தான், அதை வீட்டில் வைத்திருந்த என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மாதமாக அந்த நினைப்போடுதான் டீ ஆற்றினேன். உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். நர்ஸ் சங்கிலியம்மாளிடமும் காட்டினேன். அசிங்கம் அள்ளாமல் இருந்தால் போதும் என்று அவளும் சொல்கிறாள். "அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல, கலைச்சுப்புடும்னு சொன்னதோட நீங்க எந்திரிச்சுப் போயிட்டீக" என்கிறாள். அவள் சொல்வது நிஜம்தான்.

நேற்று முன்தினம் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு வண்டன்மேடு போனேன். ஸ்டோர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. இளைத்திருக்கிறது. ஜீப்பிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. என் கையில் இருந்த சாக்கைப் பார்த்தது. உடனே கூரை மேல் ஏறிவிட்டது. சாயங்காலம் வரை அங்கேயே நின்று கூப்பிட்டேன். பெயர் சொல்லியும் கூப்பிட்டேன். ஜக்கம்மா சமையலைப் போட்டுவிட்டு வந்து பார்த்து, "நீ கூப்பிட்டு அது எப்ப வந்திருக்கு?" என்றாள். கடைசி ஜீப்பில் வெறும் சாக்கோடு திரும்பினேன்.

நீ வரும்போது அது இருக்க வேண்டும் என்று எழுதினாய். இல்லாமல் செய்துவிட்டேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு, மனம் ஆறும்.

அம்மா

*

ஒசாகா,
9-10-2007

அன்புள்ள அம்மா,

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும்.

"பவுனு நன்றாக இருக்கிறாள்" என்று எழுதினாயே, அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நீ என்றைக்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்? அவள் நல்லபடியாக வீட்டில் இருந்தால் நீ அவளை வைது இரண்டு பாராவாவது எழுதியிருப்பாய். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மறைக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் எங்கே படுக்கிறாள், காது ஆறிவிட்டதா என்று கேட்டுப் பார்த்தேன். மோமோவுக்காக அழுததில் பாதி பவுனுக்காக. சித்தியிடம் இருக்கிறாள் என்று படித்ததும் ஆபீசில் இருந்த அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உன்னைத் திட்ட மாட்டேன். சாக்கில் கட்டியதற்கும், மூன்று சுற்றுச் சுற்றியதற்கும் திட்டலாம். சித்தி எழுதியிருந்தாள், நீ பதில் போடாதபோது நான்தான் கேட்டு எழுதினேன், அவள் பதிலும் உன் கடிதம் வந்த பிறகுதான் இங்கே வந்தது. ஆனால் போன வருஷப் பாரத்தை நீயே தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குத்தான் கோபம். நானும் என் பக்கத்தில் அதைத்தான் செய்தேன். இங்கே வந்ததும் குளிரில் நடந்தேன், பெட்டி தூக்கினேன், அதனால்தான் என்று. இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறோம்.

இனி சாக்கு வேண்டாம். சித்தி சந்தைக்கு வரும்போது அவளாக மடியில் ஏறினால் கொண்டுவரட்டும். ஏறாவிட்டால் அங்கேயே இருக்கட்டும், பிள்ளை பிறந்த பிறகு நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நவம்பர் 4 விமானம். அதற்குள் ஒரு பதில் போடு. எது நடந்தாலும் நடந்ததை எழுது.

உமா

*

கம்பம்,
22-10-2007

உமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், அடுப்பில் பால் இருக்கிறது. எல்லோரும் சுகம். அப்பா உன் அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார்.

நீ எழுதியதை ஜக்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். முந்தாநாள் சந்தைக்கு வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். மலைப்பாதை முழுக்க அய்யாத்துரை ஹாரன் அடிக்கவில்லையாம். கடை வாசலில் இறக்கிவிட்டதும், என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேரே போய் மாவு மூட்டை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

கொல்லையில் தகரத் தட்டில் மணல் கொட்டி வைத்திருக்கிறேன். தினமும் அப்பாதான் அள்ளுவார், நீ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பால் வைக்கிற அலமாரிக்கு வலைக் கதவு போட்டாயிற்று. பூனையைத் தொட்டால் கை கழுவ வாசலில் சோப்பு வைத்திருக்கிறேன். டிரைவர்கள் கேலி செய்கிறார்கள், ஆனால் கழுவுகிறார்கள். மாட்டாஸ்பத்திரியில் ஊசியும் போட்டாயிற்று. பூனைக்கு எவ்வளவு மருந்து என்று டாக்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். அவரையும் அப்பாவையும் பிறாண்டிவிட்டது.

நீ வந்தால் வறுத்துக் கொடுக்கலாம் என்று நல்ல நெத்திலியாகப் பார்த்து வாங்கி, காலையில்தான் காயப் போட்டேன். இரண்டு ஆளுக்கு டீ கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முறத்தில் தலைகூட மிச்சமில்லை. எப்போதுதான் தொலையப் போகிறதோ இந்தச் சனியன்.

அம்மா